ட்ரில் வேண்டாமென்று ஒரு விண்ணப்பம்

குளிருக்குப் பயந்து ஏழு உருப்படி மாட்டி, வாழைப்பூவைப் போலப் பொதிந்து அனுப்புகிற குழந்தையை, பள்ளிக்கூடம் போனதும் மடல் மடலாக உரித்துப் பனியனும் கால்சட்டையுமாகக் குதிக்கவிடுகிறார்கள். இந்த லீட்ஸ் நகரத்துக்கு வந்து ஐந்து மாதமாகியும் எனக்கு விளங்காத விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றாத ஜனங்கள், குதிப்பதற்கென்று தனியாக ஒரு கான்வாஸ் செருப்பு வாங்கித் தரச் சொல்கிறார்கள். அதற்கு 'பிளிம்சோல்' என்று பெயர். என் மகள் கோமதிக்கு ஏழு வயது. சங்கரன்கோவிலில் பிறந்த பெண் குழந்தைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவள் ட்ரில் வகுப்பில் பெஞ்சின் மேல் ஏறி ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டதும் என் மனைவி செண்பகம், "பொட்டப்பிள்ளைய சர்க்கஸ்லயா சேத்திருக்கிய?" என்று பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை. கோமு வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. கணக்கு கேட்டால் கரும்பலகையைப் பார்த்தபடி நிற்பாளாம். இப்படியே போனால் ஈஸ்டருக்குப் பிறகு மந்தமான பிள்ளைகளின் தனி வகுப்பில் போட வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை அம்மாள் சொல்லியனுப்பியிருந்தார். ஊரில் வாய் மூடாத பிள்ளை, ஐயா! கோவில் யானையிடமே வழக்காடியவள். வாரத்தில் மூன்று நாள் குதிக்கவிட்டால் கணக்கு எங்கிருந்து வரும்? அந்த நேரத்தைக் கணக்குக்குத் திருப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். அதற்கு என் தகப்பனார் காட்டிய வழி ஒன்று இருந்தது.

யுத்த காலத்தில் நான் ஊரில் ஹைஸ்கூல் மாணவன். தகப்பனார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்ததும் என்னைத் தேரடிப் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போவார். டாக்டர் என்னைத் தொடாமலே, "பிறவியிலேயே பலவீனம், ட்ரில்லிலிருந்து விலக்களிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். உத்தியோகஸ்தர் வீட்டுப் பையன்களில் பாதிப் பேர் இப்படிச் சான்றிதழ்படி நோயாளிகள். குருவிகுளம் பக்கமிருந்து மைல் கணக்கில் நடந்து வந்த, உழவு பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன்கள்தாம் ட்ரில் செய்தார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ட்ரில் மாஸ்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தகப்பனாரிடமே கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, பையனுக்கு என்னதான் செய்யுது?"

"படிக்கிற பையன்லா, சார்வாள். குதிச்சா மூளை கலங்கிராதா?"

"கலங்குனா தெளிஞ்சிரும் அண்ணாச்சி. தேங்கிக் கெடந்தாத்தான் நாறும்."

தகப்பனார் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் சான்றிதழ் வந்தது. பிற்பாடு வேலை கிடைத்து நான் கப்பலேறியபோது, "பூரண ஆரோக்கியம்" என்று எழுதித் தந்தவரும் அதே டாக்டர்தான். அப்போதும் என்னைத் தொடவில்லை.

ஆனால் அதே ஊர் ஆடித்தபசு நெருங்கினால் என்ன செய்யும் தெரியுமா? ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனுக்குக் கால் வலிக்குமே, நாம் சுற்றினால் அந்த வலியை நாம் வாங்கிக்கொள்ளலாமே என்று கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றும். என் அம்மா நூற்றெட்டையும் முடித்துவிட்டு வந்து, உட்காராமல் உலை வைப்பாள். வைத்துவிட்டு, "பிள்ள ட்ரில் செஞ்சா இளைச்சிருவான்" என்பாள். பக்தி என்று பெயர் வைத்தால் நாங்கள் மலையைக்கூடத் தாண்டிவிடுவோம். தேகப்பயிற்சி என்றால்தான் மூச்சு வாங்கும்.

ஆக, தகப்பனார் பாணியில் எழுதினேன். "என் மகள் பிறவியிலேயே பலவீனமானவள். கருணைகூர்ந்து ட்ரில்லிலிருந்து விலக்கி, அந்நேரத்தில் கணக்கு போதிக்க வேண்டுகிறேன்." நம் ஊரில் இப்படிப்பட்ட கடிதத்தை எழுதுகிறவனும் நம்பமாட்டான், வாங்குகிறவனும் நம்பமாட்டான். இந்த அம்மாள் நம்பித் தொலைத்துவிட்டார்! கணக்காவது ஒன்றாவது? அன்றே கோமுவைப் பெஞ்சில் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, சூடாகப் பால் கொடுத்திருக்கிறார்கள். மறுவாரம் எனக்கு அழைப்பு வந்தது.

"இதயத்திலா கோளாறு?" என்று கேட்டார் தலைமையாசிரியை அம்மாள்.

"பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அது வழக்கம்."

"அவ்வளவு பேருக்கா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு அவராகவே சொன்னார். எனக்கு அப்படிச் சொல்லியனுப்பிய பிறகு, போன மாதம்தான் கோமு முதல்முதலாக வாயைத் திறந்தாளாம். அதுவும் ட்ரில் வகுப்பில். கயிறு தாண்டுகிற பிள்ளைகளுக்கு அவள்தான் உரக்க எண்ணிச் சொல்வாளாம், இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக. அந்தச் சூட்டில் கணக்கு வகுப்பிலும் கை தூக்க ஆரம்பித்திருக்கிறாள். இப்போது பெஞ்சில் உட்காரவைத்ததும் பழையபடி ஊமை.

பிள்ளைக்கு வாய் வந்த இடத்திலிருந்து நானே அவளைப் பிடித்து இழுத்திருக்கிறேன், பாவி! வெட்கத்தை விட்டுச் சான்றிதழ் கதை முழுவதையும் ஒப்பித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நோய் என்று எழுதியாகிவிட்டது, இனி பள்ளி டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து, குதிக்கவைத்து, ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பார்த்து, நோய் இல்லையென்று எழுதினால்தான் மறுபடி ட்ரில் உண்டு என்றார். இங்கே டாக்டர் தொட்டுப் பார்ப்பாராம். ஊரில் இதைப் படிக்கிற தகப்பன்மார்களே, அடுத்த சான்றிதழுக்குத் தேரடிக்குக் கிளம்புமுன் என்னைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, கோமு கணப்பின் முன்னால் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். சர்க்கஸ் என்று சண்டை பிடித்தவள், இப்போது எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கால் வலிக்கலையா?"

"வலிக்கி. யாராச்சும் சுத்துனா வலிக்காதுன்னு நீதானம்மா சொன்ன?"

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? விண்ணப்பம் எழுதுனது யாரு? சுத்துங்க."

ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிறவிப் பலவீனனாகிய நான் என் மகளைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு பக்கம் மேசை இடித்தது, மறுபக்கம் கட்டில் இடித்தது. கோமு 'ஒன், டூ' என்று எண்ணினாள். செண்பகம் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி நின்று, எத்தனை ஆச்சு என்று கேட்டேன். ஆளுக்கொரு பாஷையில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. கோமு இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை. நான் மறுபடியும் சுற்றினேன்.