அண்ணைக்குச் சொல்லாமல் போன இத்தாலி

எனக்குப் பாரிஸ் நன்றாகத் தெரியும். என் கணவரின் சித்தப்பா வீட்டுச் சோபா தெரியும், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த, மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுப் படம் தெரியும், மூன்று கலியாண அல்பங்கள் தெரியும். ஈபிள் கோபுரத்தைக் காருக்குள் இருந்து ஒருமுறை காட்டினார்கள். நான் திரும்புவதற்குள் ஒரு கட்டடம் மறைத்துவிட்டது. லண்டனும் சூரிச்சும் இதே கதைதான். ரொறன்ரோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் எங்கள் ஆட்கள் ஊர் பார்ப்பதில்லை, சொந்தக்காரரைத்தான் பார்ப்பார்கள். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் பத்து வருசத்துக்குக் கதை வரும். அதனால் காலையில் ஒரு வீட்டில் இடியப்பம், மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறு, பின்னேரம் மூன்றாவது வீட்டில் வடையும் ரோல்ஸும் என்று சாப்பிட்டுவிட்டு வீங்கிப்போய்த் திரும்பி வருவோம்.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் இத்தாலியில் ஒரு பண்ணை வீட்டை ஒரு கிழமைக்குப் பதிந்து தந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. இந்த ஒரு கிழமையாவது நான் மனிசி மாதிரி ஊர் பார்க்கவேணும்.

"அண்ணைக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

அண்ணை என்பது அவருடைய பெரியம்மாவின் மகன். பொலோஞ்ஞா நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையல் வேலை. கலியாணம் கட்டாதவர். என் கணவர் கனடாவுக்கு வர முந்தி ஒன்றரை வருசம் அவருடைய அறையில்தான் இருந்தார். எங்கள் பண்ணை வீட்டிலிருந்து பொலோஞ்ஞா இரண்டு மணித்தியாலம். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் அண்ணையிடம் போனால் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் போகும், அவர் சோபாவில் இருத்தி அல்பம் எடுப்பார், பிறகு அங்கே இருக்கிற மற்றத் தமிழர்களின் வீடுகளுக்கும் கூட்டிப்போவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நேரில் பார்க்காத மனிதரைப் பற்றி அவ்வளவு நிச்சயம். திரும்பி வந்து சொல்லுவோம் என்றேன். அவர் சரி என்றார். மிசிசாகாவில் விமானச் சரக்குப் பகுதியில் முப்பது வருசம் வேலை செய்கிற மனிதர், எதற்கும் சரி என்பார். அந்தச் சரியை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என் வாய்தான் கிடவாதே. ஸ்காபரோவில் புருவம் திருத்தும் பெண்ணிடம், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் என்று சொல்லிச் சொன்னேன்.

பண்ணை வீடு ஒரு குன்றின் மேல் இருந்தது. காலையில் வீட்டுக்காரி பாணும் பழப்பாகும் கேக்கும் வைத்துவிட்டுப் போவார், எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். பிள்ளைக்குக் கலியாணம் பேசவில்லையா, வீட்டு லோன் முடிந்துதா என்று ஒன்றும் இல்லை. எனக்குச் சொர்க்கம். நாளுக்கு ஒரு மலை நகரம் பார்த்தோம். எல்லாம் மதிலுக்குள் இருக்கும், காரைக் கீழே விட்டுவிட்டு ஏறவேண்டும். கல் பாவிய தெரு, முழங்காலுக்கு நல்ல அடி. ஒரு நாள் சுண்ணாம்புக் குகைக்குப் போய், வெளியே வெயில் கொளுத்த உள்ளே பல்லுக் கிட்டி நின்றோம். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனோம். அங்கே கடற்கரை முழுவதும் வரிசை வரிசையாகக் குடைகள், கழுத்தில் விசிலோடு ஒரு ஆள் கதிரை விரித்துத் தருவார். வெயில் பக்கம் மாற மாற நான் அந்த ஆளைக் கூப்பிட்டு நான்கு தடவை குடையைச் சரிக்கச் சொன்னேன். கறுத்துப்போய் வந்தால் வேலையிடத்தில் கேட்பார்களே.

என் கணவர் எல்லாவற்றுக்கும் வந்தார், ஏறினார், படத்துக்கு நின்றார். ஆனால் ஏதோ ஒரு ஆள் குறைகிற மாதிரியே நின்றார். புதன்கிழமை ஒரு கோப்பிக் கடையில் அவர் வாயைத் திறந்து கடைக்காரனிடம் இத்தாலி மொழியில் நாலு வசனம் பேசினார். நான் கோப்பையை வைத்துவிட்டேன். முப்பது வருசம் ஒரு வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது.

"அண்ணை பழக்கினவர்," என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த அறையில் ஒரு கட்டில்தானாம். அண்ணை இரவு வேலைக்குப் போய் அதை இவருக்கு விட்டாராம். பகலில் அண்ணை படுக்கும்போது இவர் சத்தம் போடாமல் மூலையில் இருந்து பாஷை படிப்பாராம். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். உர்பினோ என்ற மலை நகரத்தில் அரண்மனை பார்த்துவிட்டு, தேவாலயப் படியில் இருந்தோம். அவருடைய போன் அடித்தது. அண்ணை. அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். நான்தான் ஆட்டினேன்.

எங்கே நிற்கிறாய் என்று அண்ணை கேட்டிருக்கவேண்டும்.

"வீட்டைதான் அண்ணை. இப்பதான் எழும்பி வேலைக்கு வெளிக்கிடுறன்," என்றார் என் கணவர். ரொறன்ரோவில் அப்போது காலை ஆறு மணி. அதைக்கூட மனிசன் சரியாகக் கணக்குப் பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைக்கு மேலே மணி அடிக்கத் தொடங்கியது. நடுப்பகல் மணி. அவர் போனைக் கையால் பொத்தினார், அது என்ன பொத்தி அடங்குகிற சத்தமா? பன்னிரண்டும் அடித்து முடியுமட்டும் அண்ணை அந்தப் பக்கத்தில் பேசாமல் இருந்தார். முடிந்த பிறகு அவர் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"சரி தம்பி. வேலைக்குக் கவனமாப் போ."

போனை வைத்துவிட்டார். என் கணவர் படியில் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அதோடு, உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் போன் எடுத்த அண்ணை மேலும் கோபம் வந்தது.

"எழும்புங்கோ," என்றேன். "பொலோஞ்ஞாவுக்குப் போவம்."

"என்ன மூஞ்சையோடை போறது?"

"இருக்கிற மூஞ்சையோடைதான்."

நான்தான் கார் ஓட்டினேன். இரண்டு மணித்தியால ஓட்டம். முந்தி அண்ணைக்கு ஒரு பொதி அனுப்பிய விலாசம் கைபேசியில் இருந்தது. மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் மெலிந்த மனிதர், தலை முழுக்க வெள்ளை. எங்களைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ரொறன்ரோவிலையிருந்து ரெண்டு மணித்தியாலத்திலை வந்திட்டியள். பரவாயில்லை," என்றார்.

சிரித்தது அவர் மட்டும்தான். என் கணவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் பார்க்க இடமில்லாமல் வீட்டைப் பார்த்தேன். அந்த வீட்டில் சோபாவே இல்லை. இரண்டு கதிரை, ஒரு மேசை, சுவரில் கலண்டர். கதவடியில் ஒரு பயணப் பை இருந்தது. தண்ணீர்ப் போத்தல்கள், தொப்பி, மேலே ஒரு சுற்றுலா வரைபடம். வரைபடத்தில் பேனாவால் வட்டங்கள் போட்டிருந்தது. நாங்கள் போன மலை நகரங்களில் பாதி அதில் இருந்தன.

இன்றைக்கு வேலை இல்லையா அண்ணை என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இந்தக் கிழமை லீவு எடுத்தனான், பிள்ளை," என்றார். "நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டன். முப்பத்தஞ்சு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன், குசினியைத் தவிர ஒண்டும் பாக்கேல்லை. நீங்கள் வந்தால் மூண்டு பேருமாப் போவம் எண்டு நினைச்சன்."

குறை சொல்வது போல அவர் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். கலண்டரில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கோடு இழுத்திருந்தது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்களுக்கு ஒரு பின்னேரம்தான் மிச்சம் இருந்தது. கடலுக்குப் போவோமா என்று அண்ணை கேட்டார். குசினிப் பெடியங்கள் சொல்லுகிற ஒரு கடற்கரை இருக்கிறதாம், எங்கள் பண்ணை வீட்டுப் பக்கம்தானாம். பெயரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நாங்கள் போன அதே கடற்கரை. நல்ல இடம் போலக் கிடக்கு என்றேன். என் கணவரை அண்ணையின் காரில் ஏற்றிவிட்டு நான் பின்னால் ஓட்டினேன். கழுவித் துடைத்த கார். முன்னால் இரண்டு தலைகளும் வழி முழுக்க ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொண்டே போயின.

மணலில் இறங்கியதும் அண்ணை கேட்டார், "இஞ்சை முதலே வந்தனியளோ?"

"இல்லை அண்ணை. இண்டைக்குத்தான் முதல்," என்றேன். வேறென்ன சொல்ல? எங்களோடு சேர்ந்து முதல்முறை பார்க்கிறார் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அதே விசில்காரன் வந்தான். என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து ஏதோ சொன்னான். நான் சட்டென்று குனிந்து செருப்பைக் கழற்றினேன். அண்ணை கேட்டுவிட்டு அவனுக்கு ஏதோ பதில் சொன்னார். என் கணவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் அண்ணை?"

"கடல் இண்டைக்கு நல்லா இருக்காம்," என்றார்.

தப்பினேன் என்று இருந்தது. அவன் எங்களைக் கூட்டிப்போய் ஒரு குடையின் கீழ் மூன்று கதிரை விரித்தான். அண்ணை காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். அலை வரும்போதெல்லாம் என் கணவரின் கையைப் பிடித்தார். வெயில் சாயும்வரை இருந்துவிட்டு அவர் பொலோஞ்ஞாவுக்குத் திரும்பிப் போனார், அடுத்த நாள் வேலை.

மறுநாள் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது நான் சொன்னேன், நல்ல காலம், அந்த விசில்காரன் என்னை அடையாளம் கண்டு காட்டிக்கொடுக்கவில்லை என்று.

என் கணவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"அவன் கடலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை," என்றார். "செவ்வாய்க்கிழமை இருந்த அதே குடை காலியாக் கிடக்கு, வேணுமோ எண்டு கேட்டவன்."

"அதுக்கு அண்ணை என்ன சொன்னவர்?"

"ஓம், அதையே தா, இண்டைக்கு மூண்டு கதிரை போடு எண்டவர்."