பன்னிரண்டாம் இலக்கத் தயிர்

காத்தான்குடி உசனார் நெடுங்காலமாக ஒரே பஸ்ஸில் கண்டக்டர். உன்னிச்சையிலிருந்து ஆரையம்பதிக்குப் போகும் அந்தப் பஸ்ஸின் நெற்றியில் 12 என்று எழுதியிருக்கும். வழியில் நிற்பவர்கள் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் கைகாட்டுவார்கள். ஏறுவதற்கல்ல, சாமான் கொடுத்தனுப்ப. தயிர்ச்சட்டி, விரால் மீன், சம்பந்திக்கு ஏச்சு எல்லாம் ஜன்னல் வழியாக ஏறும். சட்டியை உசனார் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஏச்சைக் கொஞ்சம் கூட்டிச் சேர்ப்பார்.

போன வருடம் மூன்று தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் எடுத்து ஒன்றாக்கியது. மூன்று கம்பனியும் தங்கள் பஸ்களுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் இலக்கம் போட்டிருந்தன. ஆகவே முதல் கம்பனிக்குப் பழைய இலக்கத்தையே விட்டார்கள். இரண்டாவதற்கு நூறும் மூன்றாவதற்கு இருநூறும் கூட்டினார்கள். உசனாரின் பஸ் 212 ஆனது. முதல் கம்பனியின் 12 உன்னிச்சையிலிருந்து ஓட்டமாவடிக்கு ஓடத் தொடங்கியது.

உன்னிச்சை ஆச்சிப்பிள்ளைக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆரையம்பதியில் மகள் விதுர்ஷாவின் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். 12 வந்தது, ஜன்னலில் ஒரு கை நீண்டது, சட்டியைக் கொடுத்துவிட்டார். தயிர் ஓட்டமாவடியில் இறங்கி, கேட்க ஆளில்லாமல், பள்ளிவாசலில் ஆக்கிப் போட்ட ஒரு கந்தூரிச் சோற்றோடு போய்ச் சேர்ந்தது. விதுர்ஷாவின் மாமியார் தயிரில்லாத சோற்றைப் பிசைந்தபடி சொன்னதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் ஆச்சிப்பிள்ளை உசனாரின் பஸ்ஸை மறித்தார்.

"தயிரத் திண்டுட்டு சிரிக்கிறாய் என்ன?"

"அக்கா, அது நான் இல்ல. நான் இப்ப இருநூற்றிப் பன்னிரண்டு."

"ஓம், இருநூறு பேர் சேந்துதான் திண்டிருக்கிறியள்."

அதற்குப் பிறகு உன்னிச்சையில் ஒருவரும் உசனாரிடம் ஒரு வெற்றிலைக்கட்டுக்கூடக் கொடுக்கவில்லை. சம்பளம் குறையவில்லை, டிக்கட் கிழிக்கும் வேலையும் குறையவில்லை. ஆனால் மனுசன் சோறு இறங்காமல் திரிந்தார். மூன்றாம் நாள் மண்ணெண்ணெய்த் துணியால் முன்னால் இருந்த 2ஐத் துடைத்துவிட்டார்.

டிப்போ மனேஜர் நிலோஜன் கூப்பிட்டார். "உசனார் நானா, டிப்போவில ரெண்டு பன்னிரண்டு நிக்குது. ஒன்டு குட்டி போட்டுட்டா?"

உசனாரே தூரிகை பிடித்து 2ஐத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. எழுதியது கோணல். அந்தக் கோபத்தில், தன் பஸ்ஸுக்கு அடையாளமாகச் சட்டி தொங்கவிடும் கயிற்று உறி ஒன்றை முன்கண்ணாடியில் கட்டினார். ஓட்டமாவடிச் சனத்துக்கும் தயிர் ருசி பிடித்திருந்தது போல, நாலு நாளில் 12இலும் ஒரு உறி தொங்கியது.

ஆச்சிப்பிள்ளை இலக்கத்தையும் விட்டார், உறியையும் விட்டார். அடுத்த சட்டியோடு வந்து நின்று, எந்தப் பஸ் வந்தாலும் மறித்தார்.

"உசனார் இரிக்கிறானா? மூஞ்சியக் காட்டச் சொல்லு."

காட்டினார். சட்டி ஏறியது.

இப்போது உன்னிச்சை வளைவில் பஸ் மெதுவானதும் உசனார் தலையை வெளியே நீட்டுகிறார். மாரி மழையிலும்.