பெருக்காரருக்கு எழுதிய வணக்கங்கள்

1. நேற்று பீரோவின் அடித்தட்டைத் துடைத்தேன்.
2. டிப்ளமோ சான்றிதழ்களுக்கு அடியில் ஓர் அட்டை கிடைத்தது.
3. துடைக்கிற வேலை அதோடு நின்றது.

அட்டையில் இன்னும் மோட்டார் வார்னிஷ் வாசனை இருக்கிறது, அல்லது இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் கணபதி என்ற பகுதியில் ஒரு சின்ன பம்பு கம்பெனியில், சோதனைப் பிரிவில் இருந்தேன். தற்காலிக வேலைதான். பெரு நாட்டிலிருந்து பம்பு பார்க்க ஒருவர் வருகிறார், ஆர்டர் கிடைத்தால் உன் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. எல்லோருக்கும் நாலு ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக்கொடுக்கவும் சொன்னார்.

பட்டியல் போடுவதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கையகலப் புத்தகம் வாங்கினேன். ஓலா: ஹலோ. புவேனோஸ் தியாஸ்: குட் மார்னிங். கோமோ எஸ்தா: ஹவ் ஆர் யூ. இப்படிப் பத்து வரிகளை இந்த அட்டையில் எழுதி, கம்பி சுற்றும் இடத்தில் மாட்டினேன்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் மாராக்காவுக்குத் திருப்தியில்லை.

"ஏனுங்கம்மணி, வந்தவிங்கள சாப்டீங்களான்னு கேக்க ஒண்ணுமில்லீங்களா?"

"புஸ்தகத்துல இல்லீங்கக்கா."

"அப்பறம் என்ன புஸ்தகமுங்க அது."

பின்பக்க அகராதியைத் துழாவிப் பதினோராவது வரியைச் சேர்த்தேன். யா கொமியோ: ஹேவ் யூ ஈட்டன்.

பெருக்காரர் வந்ததும் கம்பி சுற்றும் பெண்கள் எட்டுப் பேரும் அதை மட்டுமே கேட்டார்கள். மற்ற பத்தும் மறந்துபோயின. பட்டினி கிடந்தாலும் "ஆச்சுங்க" என்பதுதான் நம் ஊரில் இதற்குப் பதில். அவர் மாராக்காவின் முன் நின்று யோசித்து, "நோ" என்றார். இரண்டு நாளாக வாழைப்பழம்தான், காரம் தாங்கவில்லை என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

மாராக்கா தூக்குப்போசியைத் திறந்துவிட்டார்.

"உக்காருங்க சாமி. தயிர்சோறுதானுங்க."

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவி வரும்போது கரண்டு போனது. விமான நேரம்வரை திரும்பவில்லை. பம்பு ஓடுவதைப் பார்க்காமலே அவர் புறப்பட்டார்.

"லிஸ்ட்டு போட்டது யாரு?" என்றார் முதலாளி.

"நானுங்க."

ஆர்டர் வரவில்லை. அடுத்த மாதம் என்னை நிறுத்திவிட்டார்கள்.

"என்னாலதானுங்கம்மணி. பசிக்குதுன்னவர உட்டுட்டு நிக்க முடியலீங்க" என்றார் மாராக்கா. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றேன். பேச்சை மாற்ற, வழக்கம்போல "சாப்டீங்களா?" என்றார். அன்று முதல்முறையாக "இல்லீங்கக்கா" என்றேன். போசியை என் பக்கம் நகர்த்தினார்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மாராக்கா எங்கே என்று தெரியவில்லை. அட்டையைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டேன். கீழ்த்தட்டு பாதி துடைத்தபடி இருக்கிறது.