கோர்வைக்கு இரண்டு பேர்

இது நான் கட்டிவிட்டது இல்லை. கட்டுவதாக இருந்தால் நடு ராத்திரியில் நடந்ததாகத்தான் கட்டியிருப்பேன். இது பட்டப்பகலில் நடந்தது. வருஷம் 1969. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பூட்டிய தறிக்கூடம் ஒன்றில்.

கிருஷ்ணவேணிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மாகறலிலிருந்து வாழ வந்தவள். தங்கமான பெண்தான். ஆனால் புருஷன் தணிகாசலம் சட்டையை மாட்டினால் போதும், இனி திரும்பி வரமாட்டான் என்று பயம் பிடித்துக்கொள்ளும். அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். மறு நிமிஷம், "போய்த் தொலை" என்று செம்பை வீசுவாள். அப்புறம் முகம் வெறித்துப்போகும். தன்னிலைக்கு வந்தால் எதுவும் நினைவிருக்காது. தெரு அதைப் பேய் என்றது. அவளுக்கு மட்டும் தெரியும், அது பேயில்லை. அந்த நேரத்தில் அவள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அன்று தணிகாசலம் அவளைத் தறிக்கூடத்தில் விட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஐயம்பேட்டை போய்ட்டு ஆறு மணிக்கு வந்துருவேன். அது வரைக்கும் நீ நீயா இரு. இன்னொரு வாட்டி அது மாதிரி ஆச்சு, நாளன்னிக்கே உங்க ஊருக்கு பஸ் ஏத்திடுவேன்."

"பூட்டாதீங்க... நான் ஒழுங்கா இருக்கேன்."

பூட்டு விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி 2:10.

நாலு மணி நேரம் தான் தானாகவே இருந்துவிட்டால் போதும். புருஷன் தங்குவான். கிருஷ்ணவேணி தறியின் வலது ஓரம், தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். குழியில் காலை விட்டு அவன் நடுவில் உட்காருவான். கரை நூல் சுற்றிய கட்டையை, அதாவது கரை நாடாவை, இவள் ஓட்டுவாள். இப்போது நடு இடம் காலி. ஆனாலும் நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

2:40. தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையோ போல இருந்தது...

கண்ணைச் சிமிட்டினாள்.

3:25.

துணி நாலு விரல் வளர்ந்திருந்தது. கரை பிசகாமல் கோத்திருந்தது.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "காந்தாக்கா! தெறங்கக்கா!"

பக்கத்து வீட்டிலிருந்து பதில் இல்லை. முதுகுக்குப் பின்னால்தான் சத்தம் கேட்டது.

டக்... டக்...

நடு இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதே ரவிக்கை. அதே பின்னல். காலையில் இவள் வைத்த அதே கனகாம்பரம்.

"வந்து ஒக்காரு. ஒண்டியா ஓட்ட முடியல."

எப்போது போய் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

5:50. துணி ஒரு முழம்.

"ஒருத்திதான் வெளிய போவலாம்," என்றாள் நடுவில் இருந்தவள். "நீ போனா அழுவ. நான் அழ மாட்டேன்."

6:00. பூட்டு திறந்தது.

"வேணி, நல்லாக்கீறியா?"

"நல்லாத்தான் கீறேன்."

அவள் குரல்தான். ஆனால் கிருஷ்ணவேணி வாயைத் திறக்கவே இல்லை.

தணிகாசலம் சிரித்தபடி யாரையோ கைப்பிடித்து அழைத்துப் போனான்.

கத்தினாள்... சத்தம் வரவில்லை.

பூட்டு விழுந்தது.

அதற்கப்புறம் வேணி ஒரு நாளும் அழவில்லை, செம்பை வீசவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று தணிகாசலம் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், காந்தாவைப் பார்க்கும் வரைக்கும்.

"அவன் பூட்டிட்டுப் போனதுக்கு மறுநாள் அமாவாச," என்றாள் காந்தா. "தறிக்கு லீவு. கூடம் பூட்டியே கெடந்துது. காலைல ஏழேகாலுக்கு கொழாயாண்ட நிக்கறேன், உள்ளேர்ந்து கதவத் தட்டற சத்தம். 'காந்தாக்கா, தெறங்கக்கா'ன்னு அழுவுது. வேணி கொரலேதான்."

"திறக்க வேண்டியதுதானே?"

"எப்படிப்பா தெறப்பேன்? வேணி எம்பக்கத்துல கொடத்த வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தா. என்னப் பாத்து சிரிச்சா. 'எலியா இருக்கும்க்கா'ன்னா."