பட்டியலில் இல்லாத புரதம்

பிலிப்பைன்ஸின் செபூ நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கூம்பு நத்தைகளை அறுத்து விஷம் எடுத்தவர் கிளெமென்சியா அபாபாவ். பட்டம் கிடையாது. வயதில் மூத்தவர் என்பதால் எல்லாரும் மனாங் என்றுதான் கூப்பிடுவோம். அந்த விஷத்திலிருந்து புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். அதில் ஒன்று எலிகளின் வலியை நிறுத்தியது. இருபத்தாறு அமினோ அமிலக் கண்ணிகள் கொண்ட குட்டிச் சங்கிலி. அதற்கே ஆறு வருடம் போனது.

பிறகு அந்த நத்தையின் மரபணுத் தொகுதியை வெளிநாட்டில் படித்து அனுப்பினார்கள். உடம்பு செய்கிற எந்தப் புரதத்துக்கும் மரபணுவில் குறிப்பு இருந்தாக வேண்டும். புதிதாக வந்திருந்த தலைவர் டாக்டர் அர்னெல் அந்த மரபணுப் பட்டியலில் தேடிப் பார்த்தார். மனாங்கின் புரதத்துக்குக் குறிப்பே இல்லை.

"மனாங், வேற நத்தையோட விஷம் கலந்திருக்கு. கத்தியைச் சரியா கழுவலையோ?" என்றார் கூட்டத்தில்.

"ஒன்பது தடவை எடுத்தேன் டாக்டர். ஒன்பது தடவையும் அதேதான் வந்துச்சு. உங்க பட்டியல்லதான் ஓட்டை இருக்கும்."

"ஓ, மெஷினுக்கே பாடம் எடுக்கிறீங்களா?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தி கழுவுவது என் வேலை, நன்றாகத்தான் கழுவியிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடமே மனாங்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். தபோவான் சந்தையில் ஒரு கருவாட்டுக் கடையில் சேர்ந்துகொண்டார்.

நாலு வருடம் கழித்துப் புதுக் கருவியில் அதே நத்தையை மறுபடி படித்தார்கள். முன்பு படிக்க முடியாமல் விட்ட இடங்களும் இப்போது தெரிந்தன. அப்படி ஓர் இடத்தில் அந்தக் குறிப்பு இருந்தது. இருபத்தாறும் பொருந்தின. அந்தப் புரதத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது, எழுதியவர்களாகப் பதினொரு பெயர்களோடு. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

"என் பேரு எங்க ஜோவி?"

"கடைசியில நன்றின்னு போட்டிருக்கு மனாங். முன்னாள் ஊழியர்களுக்குன்னு."

"உன் பேரு?"

"ஒன்பதாவது."

"அன்னைக்குக் கத்தி கழுவினது யாருன்னு நான் சொல்லலை. நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

காகிதத்தை என்னிடமே நீட்டிவிட்டு, வந்த ஆளுக்குக் கருவாடு நிறுக்கப் போனார்.

அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி அர்னெலிடம் ஒருமுறை கேட்டேன். இனி முடியாது என்றார். மறுமுறை கேட்கவில்லை. இன்றும் வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் குறிப்பிடுகிறேன்.