லென்ஸ் மேல் போட்ட பழி

படப்பிடிப்பில் அவளுக்குப் பெயர் டேப்பக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் உண்டு, அது அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது. இடுப்பில் எந்நேரமும் ஓர் இரும்பு டேப் தொங்கும். நடிகையின் மூக்கு நுனிக்கு அருகே அதை நீட்டி, "கண்ண மூடாதீங்க, குத்த மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கேமராவுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளப்பாள். பெரிய நடிகர் என்றாலும் அவளுக்கு அவர் ஆறடியிலோ நாலடியிலோ இருக்கும் ஒரு ஜோடிக் கண்தான்.

வேலை ஃபோகஸ் புல்லர். கேமராவின் பக்கத்தில் நின்று, நடிப்பவர் முன்னே வந்தால் லென்ஸின் வளையத்தை ஒரு பக்கமும், பின்னே போனால் மறுபக்கமும் திருக வேண்டும். முகம் எங்கே போனாலும் பளிச்சென்று தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் நடிகைக்குக் கைதட்டல், ஒளிப்பதிவாளருக்கு விருது. மங்கினால் மட்டும் "யாருய்யா ஃபோகஸ்?" என்று பெயரைக் கேட்பார்கள். நல்ல பெயரே வராத ஒரு தொழிலை ஒருத்தி பாதி ஆயுளுக்கு விரும்பிச் செய்தாள் என்றால் எங்கோ மறை கழன்றிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் கேட்டவர்களிடம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "மத்தவங்க எல்லாம் படம் பாக்கறாங்க. நான் மட்டும்தான் ஆளப் பாக்கறேன்."

தொடங்கியது பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில். "தாடையத் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று சொல்வதற்குச் சம்பளம். அங்கே வாடகைக்குக் கேமரா எடுக்க வந்த ஒரு படக்குழுவோடு ஒருநாள் உதவிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் வ்யூஃபைண்டருக்குள் வலக்கண்ணை வைத்து, இடக்கண்ணை இறுக்கி மூடித்தான் குறி எடுப்பார்கள். அது அவளுக்கு உடம்போடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. எதைக் கூர்ந்து பார்த்தாலும் இடக்கண் தானாக மூடிக்கொள்ளும். காய்கறி சொத்தையா என்று பார்க்கவும் ஒரு கண், மருந்துப் பெட்டியில் தேதி பார்க்கவும் ஒரு கண். குடிவந்த புதிதில் தெருமுனைக் காய்கறிக்காரர் அவள் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து, கொஞ்ச நாள் எடையைத் தாராளமாகப் போட்டார். உண்மை தெரிந்ததும் தராசு பழையபடி நேரானது.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். பேச்சில் வேகம், வண்டியில் நிதானம். இருவரும் நேரம் கெட்ட நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சண்டை போடவே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். அப்படி ஒதுக்கிய ஒரு காலை வேளையில்தான் கண் பேச்சு வந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு படங்களில் அவள் எடுத்த குறி தவறியது. ஒன்றில் கதாநாயகன் அழும் காட்சி. அவர் அழுததைவிட, அது மங்கலாகப் பதிந்தது தெரிந்ததும் தயாரிப்பாளர் அதிகமாக அழுதார். ஒளிப்பதிவாளர் எல்லோர் முன்னாலும், "என்னக்கா, தூக்கமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அடுத்த படத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. டேப்பக்கா முதலில் மானிட்டரைக் குறை சொன்னாள். பிறகு வளையத்தைத் திருப்பும் மோட்டாரை. பிறகு லென்ஸை. வீட்டிலும் அதையே சொன்னபோது கணவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"எனக்கா ஆடத் தெரியாது?"

"தெரியும். அதான் கேக்கறேன், இப்ப என்னாச்சுன்னு. எனக்கு வருஷா வருஷம் கண்ணப் பாத்துட்டுத்தான் ஸ்டியரிங்கத் தொட விடறாங்க. உன்னை யாரு பாக்கறா?"

"உங்க வண்டியில அம்பது பேரு உயிரு இருக்கு. எனக்குக் கண்ணு மங்குனா யாரு சாகப் போறா?"

"டைரக்டர் சாவான்."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. போனால் டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரே என்ற பயம். வலக்கண்ணில் ஏதோ சரியில்லை என்று அவளுக்கு உள்ளூரத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து நடக்கும்போது ஒரு குறையும் இல்லை, வேலையில் ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதுதான் வம்பு. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் மனிதர்களுக்கு இணையே கிடையாது.

இந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள், முப்பத்தைந்துக்குள் வயது. சொந்தமாகக் கதை எழுதி, ஒவ்வொரு காட்சியையும் படமாக வரைந்து வைத்திருந்தாள். இயக்குவதும் கேமரா பிடிப்பதும் அவளேதான். ஒரே வீட்டில் பேசாமல் வாழும் இரண்டு சகோதரிகளின் கதை. டீச்சரின் சொந்த வீட்டிலேயே, பள்ளி விடுமுறைக்குள் எடுத்து முடிக்க வேண்டும். நடிக்கப் போகும் இருவரில் ஒருத்தி அதற்குப் பிறகு வெளிநாட்டில் குடியேறப் போகிறாள். ஒரு காட்சி மங்கினால் திரும்ப எடுக்க ஆளே இருக்க மாட்டாள்.

"ரெண்டு பேரும் எப்பவும் ஒரே ஃப்ரேம்ல இருக்கணும்க்கா. ஆனா சேந்து இருக்கக் கூடாது. ஒருத்தி இந்த ஓரம், ஒருத்தி அந்த ஓரம். நடுவுல வெறும் சுவரு" என்றாள் டீச்சர். அதற்காகத்தான் அவளுக்கு அனமார்ஃபிக் லென்ஸ் வேண்டியிருந்தது. இந்த வகை லென்ஸ் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி உள்ளே அனுப்பும், பிறகு கணினியில் இழுத்து விரித்துக்கொள்ளலாம். பாயைச் சுருட்டி வாசல் வழியாகக் கொண்டுபோய் உள்ளே விரிக்கிற மாதிரிதான்.

"கேமரா, லென்ஸ் எல்லாம் நீங்கதான்க்கா பாத்துச் சொல்லணும். உங்க கண்ணு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டேப்பக்காவின் நிலைமை இதுதான். இந்தப் படம் ஒழுங்காக வந்தால் ஊர்வாய் அடங்கும். இன்னொரு தடவை மங்கினால் தொழில் போனது போனதுதான். அன்று முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்: பழைய லென்ஸ். பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த லென்ஸ்களில் ஓரம் குழையும், விளக்கைக் காட்டினால் நீலக் கோடு ஓடும், முகம் லேசாக மெழுகிய மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் அதை அழகு என்பார்கள். அதில் ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், "லென்ஸோட குணம்" என்று சொல்லிவிடலாம். குற்றவாளியை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு குற்றம் செய்யப் போகிறாள். அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் தலைவாரிக்கொண்டு டீச்சரோடு கிளம்பினாள்.

வாடகைக் கடை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தால் ரப்பர் வாசனையும் குளிர்சாதனக் காற்றும். கடைக்காரர் டேப்பக்காவைப் பாவாடை காலத்திலிருந்தே தெரிந்தவர் மாதிரிப் பேசுவார், ஆனால் ஸ்டுடியோவிலிருந்து ஓடிவந்த வருஷம்தான் முதலில் பார்த்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். லென்ஸைத் துடைக்கும்போது மூச்சையும் அடக்கிக்கொள்வார்.

கேமரா எடுப்பதில் சிக்கல் இல்லை. மேஜையில் மூன்று இருந்தன. பெரிய புதுக் கேமராவில் தோல் நிறம் அருமையாக வரும், ஆனால் டீச்சரின் சமையலறையில் அதை வைத்தால் நடிகை வெளியில்தான் நிற்க வேண்டும். பழைய கேமரா ஒன்றில், உள்ளே படம் பதிகிற சென்சார் சதுரமாக இருந்தது, அனமார்ஃபிக்குக்குத் தோதானது. அகலமான சென்சார் என்றால் விரித்த பின் படம் நாடா மாதிரி நீண்டு, இரு பக்கமும் வெட்டி எறிய வேண்டிவரும். ஆனால் அந்தப் பழைய கேமராவுக்கு இருட்டில் சுத்தமாகக் கண் தெரியாது. மூன்றாவது கையடக்கமானது. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் ஏறக்குறையச் சதுரமாக எடுத்துக்கொள்ளவும் செய்யும், குறைந்த வெளிச்சத்திலும் பார்க்கும்.

"பழைய லென்ஸோட துவாரத்த முழுசாத் திறந்து வெச்சா கொழகொழன்னு இருக்கும் டீச்சர். கொஞ்சம் மூடித்தான் எடுக்கணும். மூடுனா வெளிச்சம் பத்தாது. உங்க வீட்ல என்ன பத்து விளக்கா கட்டப் போறோம்? இந்தச் சின்னதே போதும்" என்றாள் டேப்பக்கா. இதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு மூவரும் பின்னால் இருந்த சின்ன இருட்டறைக்குப் போனார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாடகைக்குப் போகிற எந்த லென்ஸானாலும் ஒரு புரொஜெக்டரில் மாட்டி, நேர்க்கோடுகளும் கட்டங்களும் நிறைந்த ஒரு படத்தை அதன் வழியாக வெள்ளைச் சுவரில் வீசிப் பார்ப்பார்கள். லென்ஸில் என்ன கோளாறு இருந்தாலும் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் முதலில் புது லென்ஸை மாட்டினார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு. உயிரே இல்ல" என்று டேப்பக்கா அவசரமாகத் தள்ளிவிட்டாள்.

அடுத்து பழையது. வெண்கல நிறம் ஏறிய கனத்த குழாய், முன் கண்ணாடி ஒரு தட்டு அகலம். சுவரில் கட்டங்கள் விரிந்தன. டீச்சர், "ஐயோ, என்ன அழகு!" என்றாள். டேப்பக்கா இரண்டடி முன்னே போய், இடக்கண்ணை மூடிக்கொண்டு சுவரின் மையத்தை உற்றுப் பார்த்தாள். தொழில்காரியாக ஏதாவது ஒரு குறை சொல்ல வேண்டுமே. கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

"ஓரத்த விடுங்க. நடுவுலதான் கோடு நெளியுது, லேசா அழுக்கு மாதிரி. அதான் இதோட குணம். நமக்கு ஏத்ததுதான்."

டீச்சர் தலையாட்டினாள். கடைக்காரர் தலையாட்டவில்லை. அந்த வகை லென்ஸில் கோடு வளைவது ஓரத்தில்தான். நடுவில் மட்டும் நெளிய வைக்கும் லென்ஸை இதுவரை யாரும் செய்ததில்லை. டேப்பக்காவுக்கும் அது தெரியும், கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் வந்தது அவளுக்கே காதில் விழுந்தது.

"டீச்சரம்மா, நீங்க முன்னாடி போயி அந்தச் சின்னக் கேமராவத் தோள்ல வெச்சுப் பாருங்க. கனம் ஒத்துக்குதான்னு தெரியணும்ல" என்று கடைக்காரர் அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"இங்க வா. அதே இடத்துல நில்லு. இப்ப வலது கண்ண மூடு."

"எதுக்குண்ணே?"

"மூடும்மா."

மூடினாள். இடக்கண்ணால் சுவரைப் பார்ப்பது செருப்பைக் கால்மாற்றிப் போட்டது மாதிரி இருந்தது. ஆனால் மையத்தில் கோடுகள் கத்தி மாதிரி நேராக நின்றன. ஓரங்களில்தான் மெதுவாக வளைந்து குழைந்தன, புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே. கண்ணை மாற்றினாள். நடுவில் கோடு நெளிந்தது. சுவரில் வேறோர் இடத்தைப் பார்த்தாள், நெளிவு அங்கே வந்தது. எங்கே பார்த்தாலும் கூடவே வந்தது.

"லென்ஸ் தங்கம்" என்றார் கடைக்காரர். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணாத. இப்பவே போயி டாக்டரப் பாரு."

"எத்தனை பேருக்குத் தெரியும்ணே?"

"எனக்கு மட்டும்தான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன் பொழப்பு."

அவர் அப்படிச் சொன்னதுதான் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். இப்போது முழுப் பூசணிக்காயும் அவள் கையில் இருந்தது, சோறும் தயாராக இருந்தது. இடக்கண்ணை வைத்து ஒப்பேற்றலாமா? மாதக்கணக்கில் பழகினால் ஒருவேளை முடியும். விடுமுறை அடுத்த வாரம் தொடங்குகிறது. அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இந்தத் தொழில் இல்லாவிட்டால் தான் யார் என்று ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

கதவைத் தட்டிவிட்டு டீச்சர் உள்ளே வந்தாள். தோளில் கேமரா, முகமெல்லாம் சிரிப்பு.

"கனமே தெரியலக்கா! சரி, சொல்லுங்க, பழசா, புதுசா? நீங்க சொல்றதுதான்."

"பழசுதான் டீச்சர். நடுவுல நெளியுதுன்னு சொன்னேனே, அது தப்பு. லென்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ரெண்டு ஓரத்துல கொஞ்சம் குழைஞ்சு நிப்பாங்க, நடுச்சுவரு மட்டும் பளிச்சுன்னு இருக்கும். உங்க கதைக்கு இதவிட நல்ல லென்ஸ் கிடைக்காது."

"அப்ப எடுத்துரலாமா?"

"எடுத்துருங்க. ஆனா ஆள மாத்தணும்."

"எந்த ஆளு?"

"ஃபோகஸ் புல்லர."

டீச்சர் இதைக் கிண்டல் என்று நினைத்து, சிரிக்க வாயைத் திறந்தாள். டேப்பக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"என் வலது கண்ணு போயிட்டு இருக்கு டீச்சர். இன்னொரு நல்ல ஆள நானே சொல்றேன். என்னை நம்பி உங்க படத்த எடுக்காதீங்க."

உண்மையைச் சொன்னதும் மனசு லேசானது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் ஆகவில்லை. கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டேப்பக்கா அதில் உட்கார்ந்து, யாருக்கும் முகம் காட்டாமல், கணவருக்கு போன் போட்டாள். வண்டியில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.