பார்க்காமல் போன அப்பா

அந்த வீட்டுக்குச் சாயங்காலம் சைக்கிள் மணியோடுதான் வரும். தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டதும் மூன்று வயது மூத்த மகன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான். பேட்டரிக் கடையில் வேலை பார்க்கும் அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் காலைக் கட்டிக்கொள்வான். அவரும் அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார். பகல் முழுக்கப் பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத் தகடுகளைச் சுரண்டி, உருக்கி ஊற்றிய தூசி அந்தத் தோளில் சாம்பல் நிறமாகப் படிந்திருக்கும். யார் கண்டார்கள்? உழைக்கிற மனுஷன் சட்டை அழுக்காகத்தானே இருக்கும்!

இப்போது நினைத்தாலும் பையனின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. அந்த நாட்களை வெறுத்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டாள். மனசு கேட்டால்தானே.

கடையில் வேலை குவிந்து அவர் வரத் தாமதமானால், பையன் தூங்காமல் வீட்டைத் தலைகீழாக்குவான். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முந்தின நாள் அவர் கழற்றிப் போட்ட வேலைச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் பிள்ளையின் தலைமாட்டில் விரித்தாள். அப்பா வாசனை! காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனான். அன்று முதல் தினமும் சட்டைதான். "அப்பா புள்ள அவன். சட்டைய குடுத்தா போதும், ஆள் ஃபிளாட்டு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

பையனுக்குப் பேச்சு வர நாளானது. பள்ளிக்கூடத்திலோ நேற்றுச் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்று நிற்காது. ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டான்.

"எல்லாம் உன் தம்பி ஜாடை. அவன்தான் செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துவான்" என்பார் அவர்.

"ஆமாமா. சாவிய சைக்கிள்லயே விட்டுட்டு வீடெல்லாம் தேடுறது யாராம்?"

இப்படிச் சிரித்தே மழுப்பினார்கள். பிறகு அடிக்கடி வயிற்றுவலி வந்தது, முகம் வெளிறியது. டாக்டரம்மா முதலில் கேட்டது, அப்பாவுக்கு என்ன வேலை என்றுதான். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"பையன் ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. சட்டையில, முடியில ஒட்டிக்கிட்டு வர்ற தூசியே போதும். சின்னப் பிள்ளைங்க உடம்பு நம்மள விட அதிகமா அத இழுத்துக்கும். மூளை வளர்ற வயசு வேற. படிக்கிறது, ஞாபகம் வச்சுக்கிறது, கவனமா உட்கார்றது, எல்லாத்தையும் அது கெடுக்கும்."

"மருந்து குடுத்தா சரியாயிடும்ல?" என்று அவள் கேட்டாள்.

"இனிமே ஏறாம தடுக்கலாம். நல்லா சாப்பிட வைங்க, பொறுமையா சொல்லிக்குடுங்க, கத்துப்பான். ஆனா போனத முழுசா திருப்பித் தர்ற மருந்து இல்லம்மா."

டாக்டரம்மாவின் கண் அவள் மடியில் இருந்த இளைய பெண்குழந்தை மேல் போனது. "பாப்பாவுக்கும் எடுத்துடலாம்."

பாப்பாவின் ரத்தத்தில் கொஞ்சம்தான் இருந்தது. இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அவர் வேறு வேலை தேடினார். கிடைக்கவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் வீட்டுச் சட்டம் மாறியது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய், துணியை மூடிபோட்ட வாளியில் போட்டு, தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் அவர் உள்ளே வரலாம். அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பாள். வீட்டை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அவள் முழங்கால் காய்த்துப்போனது.

நடக்கப் பழகிய பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா? மணி கேட்டால் அதுவும் ஓடியது. அவள் பாய்ந்து பிடித்துக்கொள்வாள். குழந்தை வீறிட்டுக் கத்தும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்துக்குள் போய்விடுவார். குளித்துவிட்டு வந்து ஆசையாகக் கை நீட்டினால், பாப்பா மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும், இல்லையென்றால் அழுத களைப்பில் தூங்கியிருக்கும்.

"ஏங்க, ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டாவது போகலாம்ல?"

"முகத்த பாத்தா தூக்கிடுவேன். அதான் பாக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பெரியவன்கிட்ட மட்டும் என்னிக்கும் சொல்லிடாத. நான் தூக்கித்தான் இப்படி ஆச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் காலமாகிவிட்டார். பெரியவன் துணிக்கடையில் சேலை மடித்து அடுக்குகிறான். மூன்று சாமான் வாங்கப் போனால் இரண்டோடு வருவான், தங்கமான பிள்ளை. மகள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிடும்போது பேச்சு அப்பாவைப் பற்றித் திரும்பியது.

"மணி அடிச்சா ஓடுவேன், அப்பா அப்படியே தூக்கிப்பாரு" என்று பெரியவன் பூரித்தான். எதையும் மறந்துவிடுகிற அவனுக்கு இது மட்டும் மறப்பதில்லை.

"உன்னைத் தூக்கினாருண்ணா" என்றாள் மகள். "நான் ஓடினா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. அவருக்கு என்னைப் பிடிக்கவே இல்லல்ல?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இத்தனை வருஷமாக இதையா இந்தப் பெண் மனசில் வைத்திருந்தாள்? தாய் பின்னாலேயே போனாள். பேச்சு வெளியே கேட்காதபடி குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சட்டையை விரித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அண்ணன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அண்ணா, அப்பா உன்னை எப்படித் தூக்குவாரு? முதல்லேருந்து சொல்லேன்."

அவன் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சொல்ல ஆரம்பித்தான்.